நடு மாடலைப் பற்றிச் சின்னச்சாமி சொன்னது

ஏஜென்டுகளுக்கான கையேட்டின் பதினான்காம் விதி இது: "புதிய மாடல்களைப் பற்றி வண்டி ஓட்டுபவர் தெரிவிக்கும் கருத்தை அவர் சொன்ன சொற்களிலேயே, கூட்டாமலும் குறைக்காமலும் எழுத வேண்டும். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்."

இரண்டே வாக்கியங்கள். கையேட்டில் இருந்த எல்லா விதிகளையும் போல இதுவும் எனக்கு மனப்பாடம். எது எந்தப் பக்கத்தில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். விதி மனப்பாடமாக இருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. மீறும்போது அவன் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை.

கடிதப் பகுதியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், வாடிக்கையாளர் குறைகளைக் கம்பெனிக்கு நயமாக எழுதுவது எப்படி என்று என்னிடம் கேட்டீர்கள். நயமாக எழுதி ஒரு மனிதரைச் செங்கல் சுமக்க அனுப்பியவன் நான். ஆகவே கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள்.

முப்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது நம் கடை சிம்மக்கல்லில், வைகைக்கு இறங்குகிற தெருவில் இருந்தது. மோட்டார் சைக்கிள் செய்யும் ஓர் ஆங்கிலேயக் கம்பெனிக்கு நாங்கள் மதுரை ஏஜென்டுகள். கடையில் முதலாளி, மெக்கானிக் காதர் பாய், நான், கூடமாட வேலை செய்ய இரண்டு பேர். ஊரில் மோட்டார் சைக்கிள்கள் மிகக் குறைவு. தெருமுனையில் சத்தம் கேட்டதும் யார் வருகிறார், அவர் வண்டிக்கு என்ன நோய் என்று காதர் பாய் தலையைத் தூக்காமலே சொல்லிவிடுவார். நான் கடிதம் எழுதுகிறவன். என் ஆங்கிலத்தைக் கண்டு முதலாளிக்குப் பெருமை. எனக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

அந்த வருஷம் கம்பெனி மூன்று புதிய மாடல்களை அனுப்பியது. அவற்றுக்கு எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்கள் உண்டு. ஊரார் சின்னது, நடு மாடல், பெரியது என்று வைத்துக்கொண்டார்கள். கூடவே ஒரு கட்டுப் படிவங்கள் வந்தன. வண்டி ஓட்டத் தெரிந்தவர்களை வரவழைத்து, ஓட்டிப் பார்க்கச் சொல்லி, கருத்தை எழுதி அனுப்ப வேண்டும். ஒரு சனிக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். காளவாசல் வரை போய்த் திரும்புவது ஏற்பாடு. அப்போது காளவாசலில் செங்கல் சூளைகள்தான். சாலையில் குறுக்கே வருவது மாட்டுவண்டி மட்டுமே.

"போயிட்டு வாங்க. ஆனா வண்டியோட வாங்க" என்று ஒவ்வொருவரையும் வாழ்த்தி அனுப்பினார் காதர் பாய்.

வண்டியில் ஏறும் முன்பே எல்லாரிடமும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். திரும்பி வருகிறவர்கள் கை எண்ணெயும் தூசியுமாக இருக்கும், காகிதம் அழுக்காகும் என்பது நான் கண்ட காரணம். நீங்கள் சிரிக்கலாம். உங்கள் மேசை இழுப்பறையில் கையெழுத்து மட்டும் போட்ட படிவங்கள் எத்தனை கிடக்கின்றன என்று எண்ணிவிட்டுச் சிரியுங்கள்.

முதலில் திரும்பியவர் ஒரு வக்கீல். பெரிய மாடலை ஓட்டியிருந்தார். "சத்தம் அபாரம். இதுல போயி எறங்குனா எதிர்க்கட்சிக்காரன் பாதி கேசை அங்கேயே விட்டுருவான். ஆனா பிரேக்கு இருக்கே, அது நம்ம கோர்ட்டு மாதிரி. வாய்தா கேக்குது." நான் எழுதியது: 'பெரிய மாடலின் கம்பீரம் மனத்தைக் கவர்கிறது. பிரேக் நிதானத்துடன் செயல்படுகிறது.'

அடுத்து ஒரு தோல் வியாபாரி, ராவுத்தர். சின்ன மாடலிலிருந்து இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "யா அல்லா! கொசு மாதிரி கத்துது, கொசு அம்புட்டுத்தான் தூக்குது. என் எடைக்கே இப்படின்னா தோல் கட்ட எங்கிட்டு வைக்க?" நான் எழுதியது: 'சின்ன மாடலின் குரல் உற்சாகமானது. சுமையின் விஷயத்தில் அது அடக்கத்தைக் கடைப்பிடிக்கிறது.'

எழுதிவிட்டு நானே ரசித்துக்கொண்டேன். அதுதான் என் நோய்.

நடு மாடலை ஓட்டியவர்களில் ஒருவர் சின்னச்சாமி. பாலமேட்டுப் பக்கத்துக் கிராமங்களில் குழந்தைகளுக்கு அம்மை குத்துகிறவர். அவருடைய அலுவலகம் கொடுத்திருந்த எங்கள் பழைய மாடல் ஒன்றை இரண்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார். தகப்பனார் பிறர் வயலில் கூலிக்கு உழைத்தவர். மிஷன் பள்ளியில் படித்து அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகச் சம்பளம் வாங்கியவர் சின்னச்சாமி. அவர் மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்துக் கண் எரிந்தவர்கள் உண்டு. ஓர் ஊரில் தெருமுனையில் மறித்து, இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். "அம்மை வந்தா அதுவும் எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் வருமாய்யா?" என்று கேட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

அன்று அவர் காளவாசலோடு திரும்பவில்லை. சாலையோரம் தேங்கியிருந்த ஒரு பள்ளத்துத் தண்ணீரில் இறக்கிப் பார்த்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இது ஆகாது சார்" என்றார்.

"எது ஆகாது?"

"தண்ணியில எறங்குனா செத்துரும். மேக்னெட்டோவ முன்னாடி கொண்டாந்து வச்சுட்டான். பழசுல அது சீட்டுக்கு அடியில, எஞ்சினுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். இதுல முன் சக்கரம் அடிக்கிற தண்ணி நேரா அது மூஞ்சியிலதான் விழுகுது. இதக் கட்டுனவன் ஓடையே பாத்திருக்க மாட்டான். என் சரகத்துல ஒரு நாளைக்கு நாலு தடவ ஓடைக்குள்ள எறங்கணும். அப்படியே எழுதுங்க சார்."

மேக்னெட்டோ என்பது எஞ்சினுக்குத் தீப்பொறி தருகிற உறுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். அது நனைந்தால் எவ்வளவு பெட்ரோல் இருந்தாலும் வண்டி வெறும் இரும்புதான். இதைவிடப் பயனுள்ள கருத்து அன்றைக்கு வேறு எவரிடமிருந்தும் வரவில்லை. நான் எழுதியது இது: 'ஈரமான நிலத்தில் நடு மாடலின் நடத்தையை ஓட்டுநர் மிகுந்த ஈடுபாட்டுடன் கவனித்தார். மேக்னெட்டோ எளிதில் கைக்கெட்டும்படி முன்புறம் அமைந்திருப்பது அவர் கவனத்தைக் குறிப்பாக ஈர்த்தது.'

ஒரு சொல்கூடப் பொய் இல்லை, பாருங்கள். அந்த மாதம் ஏஜென்சியைப் புதுப்பிக்க வேண்டிய மாதம். கம்பெனியின் மனம் கோணக் கூடாது என்று முதலாளி ஜாடையாகச் சொல்லியிருந்தார். ஆனால் பழியை அவர் மீது போட மாட்டேன். 'செத்துரும்' என்பதைச் சீமைக்கு எழுதி அனுப்ப என் கை கூசியது. அவ்வளவுதான்.

படிவங்கள் கப்பலேறின. ஒரு நகல் சின்னச்சாமியின் அலுவலகத்துக்கும் போனது, ஏனென்றால் அவர்கள் அந்த வருஷம் புது வண்டிகள் வாங்க இருந்தார்கள். தங்கள் ஆளே கையெழுத்திட்டுப் பாராட்டியிருக்கும்போது அவர்கள் எதை வாங்குவார்கள்? நடு மாடலைத்தான். ஒன்று சின்னச்சாமிக்கே வந்தது. பழையதைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள்.

அவர் கடைக்கு வந்தார். "சார், நான் சொன்னத எழுதுனீகளா?"

"எழுதினேனே."

"பெறகு ஏன் இதையவே வாங்கிருக்காக?"

"கம்பெனி பரிசீலித்திருக்கும்" என்றேன். 'பரிசீலனை' என்பதைப் போல ஆளைக் காப்பாற்றுகிற சொல் நம் தொழிலில் வேறில்லை. அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மத்தியானம் மாட்டுவண்டி ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. அதில் வைக்கோலுக்கு நடுவே நடு மாடல் படுத்துக் கிடந்தது. சாத்தையாற்றைக் கடக்கும்போது நடு ஆற்றில் எஞ்சின் நின்றுவிட்டது. சின்னச்சாமி இறங்கித் தள்ளியிருக்கிறார். வெள்ளத்தின் வேகம் தாங்காமல் வண்டி புரண்டு பாறையில் மோதியது. பெட்டியில் இருந்த அம்மைப்பால் குழாய்கள், அம்மை குத்துகிற மருந்து, அத்தனையும் போயின. அக்கரையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காத்திருந்த பெண்கள் கலைந்து போனார்கள். ஊசிக்குப் பயந்தவர்களைப் பேசிப் பேசி ஒரு மாதமாகக் கூட்டி வைத்த கூட்டம் அது.

காதர் பாய் மேக்னெட்டோவைக் கழற்றினார். அதை ஒரு தம்ளருக்கு மேல் சாய்த்தார். பழுப்பாகத் தண்ணீர் இறங்கியது. தம்ளரை என் மேசையில், மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இந்தாங்க ரைட்டரே, சாத்தையாத்துத் தண்ணி. எளிதுல கைக்கெட்டும்னு எழுதுனீகள்ல? எட்டிருச்சு."

நான் எழுதியதை அவருக்கு யார் படித்துச் சொன்னார்கள் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

மறுவாரம் சின்னச்சாமியே வந்தார். கையில் குற்றச்சாட்டு மெமோ. அஜாக்கிரதையாக ஓட்டி வண்டியையும் அம்மைப்பாலையும் நாசம் செய்ததற்காகத் தற்காலிக நீக்கம். விசாரணையில் நிரூபணமானால் நிரந்தர நீக்கம். வண்டியின் அமைப்பில்தான் கோளாறு என்று அவர் சொன்ன பதிலை அலுவலகம் ஏற்கவில்லை. காரணமாக ஒரு காகிதத்தை இணைத்திருந்தது. என் அழகான எழுத்தில், அவருடைய கையெழுத்துடன் இருந்த படிவத்தின் நகல்.

அதை மேசையில் விரித்து, விரலை வைத்தார். "இத யாரு சார் சொன்னா?"

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வழி கேட்பவரைப் போலக் கேட்டார்.

முதலாளி உள்ளேயிருந்து வந்து சமாதானம் பேசினார். "நான் ஆபீசுல விசாரிச்சுட்டேன்ப்பா. ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துரு. வேலையத் திருப்பிக் குடுத்துருவாக. வண்டி மட்டும் கெடையாது, நடந்து போகணும். உசிரு பொழச்சதே பெருசு, விடுவியா."

"தப்புப் பண்ணுனா நூறு மன்னிப்பு எழுதுவேன் மொதலாளி. நான் ஓட்டுனதுல தப்பில்ல. இன்னைக்கு எழுதிக் குடுத்தா, இவனுகளுக்கெல்லாம் மோட்டாரு எதுக்குன்னு சொன்னவன் வாயில சக்கரையப் போட்ட மாதிரி ஆயிரும். எனக்குப் பெறகு எங்க ஆளுக ஒருத்தன் கையிலயும் வண்டியக் குடுக்க மாட்டாக. எழுத மாட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்து போனார். வயிற்றுப்பாட்டுக்குக் காளவாசல் சூளையில் செங்கல் சுமக்கச் சேர்ந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தப்பித்துக்கொள்ளும் நடைமுறைகள் அனைத்தும் எனக்குத் தெரியும். கோப்பைக் காணவில்லை என்று எழுதலாம். மொழிபெயர்ப்பில் நேர்ந்த கருத்து வேறுபாடு என்று எழுதலாம். விளக்கம் கேட்டு விளக்கம் கேட்டே ஆறு மாதத்தை ஓட்டலாம். இதில் ஒவ்வொன்றுக்கும் நான் மாதிரிக் கடிதம் வைத்திருந்தேன். இரண்டு நாள் அவற்றைப் புரட்டினேன். எதை எடுத்தாலும் கடைசியில் நீக்கப்படுகிறவர் சின்னச்சாமியாகத்தான் இருந்தார். நெருக்கடியில் நடைமுறை தெரிந்தவன் செய்யும் முதல் பிழை, தனக்கு எது பாதுகாப்பு என்று நடைமுறையிடம் கேட்பது. யாருக்குக் கேடு என்றுதான் அதனிடம் கேட்க வேண்டும்.

மூன்றாம் நாள் முதலாளியிடம் சொல்லிவிட்டு விசாரணை அதிகாரியைப் பார்க்கப் போனேன். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கியதையும், கருத்தை மாற்றி எழுதியதையும் ஒப்புக்கொண்டு வாக்குமூலம் கொடுத்தேன். அதிகாரி அதைப் பொறுமையாகப் படித்தார்.

"முன்பு எழுதியது பொய் என்கிறீர்."

"ஆமாம்."

"இப்போது எழுதியிருப்பதும் நீர்தானே? இரண்டும் ஒரே கையெழுத்து, ஒரே மசி. எதை நம்பச் சொல்கிறீர்?"

இத்தனை வருஷ உத்தியோகத்தில் இதைவிட நியாயமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"வண்டியைச் செய்தவர்கள் சொல்லட்டும்" என்றார் அவர். "கோளாறு ஓட்டியவரிடம் இல்லை, அமைப்பில்தான் என்று கம்பெனியிடமிருந்து எழுத்து வந்தால் குற்றச்சாட்டை ரத்து செய்கிறேன். கப்பல் தபால் என்பதால் அவகாசம் தருகிறேன். ஜூன் பதினைந்து. அதற்கு மேல் என்னாலும் முடியாது."

கடைக்குத் திரும்பியதும் முதலாளி என்னைக் கடித மேசையிலிருந்து எழுப்பி, உதிரி பாகம் விற்கும் கவுன்டருக்கு மாற்றினார். "கம்பெனிக்கு அவங்க வண்டியே சரியில்லைன்னு எழுதப் போறீரு. ஏஜென்சி போச்சுன்னா நட்டு போல்டு விக்கக்கூட கடை இருக்காது. எழுதுறதை உம்ம பேருல எழுதும், கடை பேரு வரக் கூடாது" என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை, அதற்கு நன்றி. படிவக் கட்டில் மிச்சமிருந்ததை அவர் பார்க்கும்போதே நான் எடுத்துக்கொண்டேன். அவர் பார்க்காத மாதிரி இருந்தார்.

ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு காளவாசலுக்கு நடந்தேன். சின்னச்சாமி தலையில் எட்டுக் கல்லுடன் வந்துகொண்டிருந்தார். சூளையில் ஒருவன், "மோட்டாரு வருது, ஓரம் போங்கடா!" என்று கத்தினான். "ஆர்னு அடிக்க மறந்துட்டேன்டா" என்று சொல்லிக்கொண்டே கல்லை இறக்கி வைத்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நடு மாடலைப் பற்றிய உங்கள் கருத்தை எழுத வந்திருக்கிறேன்" என்றேன்.

"ஒரு தடவ எழுதுனது பத்தாதா சார்?"

"அது நான் சொன்னது. இது நீங்கள் சொல்ல வேண்டியது."

அவர் தலைத்துண்டை உதறிக் கையைத் துடைத்துக்கொண்டு, அடுக்கிய செங்கல் மேல் உட்கார்ந்து சொன்னார். நான் தமிழில் எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் கீழே ஆங்கிலத்தில் வார்த்தைக்கு வார்த்தை. முடித்ததும் படித்துக் காட்டினேன்.

"எங்க, ரெண்டாவது வரிய இன்னொருக்கப் படிங்க."

"தண்ணீரில் இறங்கினால் நின்றுவிடும்."

"நான் செத்துரும்னுல சொன்னேன்? நின்னா மிதிச்சுக் கெளப்பிரலாம் சார். இது செத்துரும். மாத்துங்க."

மாற்றினேன். 'இதைக் கட்டியவர் ஓடையைப் பார்த்திருக்க மாட்டார்' என்ற வரியையும் விடாமல் சேர்க்கச் சொன்னார். அதைப் படித்தால் கம்பெனிக்குக் கோபம் வரும் என்றேன். "கோவம் வந்தாத்தான சார் எடுத்துப் பாப்பான்?" என்றார். கருத்துப் படிவங்களைப் பற்றி இதைவிடச் சரியாக எந்தக் கையேடும் எனக்குச் சொன்னதில்லை. எல்லாம் சரியான பிறகுதான் கையெழுத்துப் போட்டார். செம்மண் விரல் ரேகை காகிதத்தில் பதிந்துவிட்டது. அதை அழிக்க நான் முயலவில்லை.

ஒருவர் சொல் மட்டும் போதாது. சாட்சி வேண்டும் என்றார் காதர் பாய். கார்த்திகையில், ஆற்று மட்டத்துக்குத் தாழ்வாகக் கட்டிய வைகைக் கல்பாலத்தின் மேல் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய மாடல் ஒன்றையும், காதர் பாய் செப்பனிட்ட நடு மாடலையும் அங்கே கொண்டுபோனோம். வக்கீலும் ராவுத்தரும் சாட்சிகள். குளிக்க வந்தவர்கள், துவைக்க வந்தவர்கள், பூக்கூடைக்காரிகள் என்று கரையெல்லாம் கூட்டம். சின்னச்சாமிக்கு வண்டியைத் தொட அனுமதி இல்லை என்பதால் கரையில் கைகட்டி நின்றார்.

பழைய மாடலில் காதர் பாய் போய்த் திரும்பினார். ஒரு குறையும் இல்லை. பிறகு நடு மாடலில் இறங்கினார். பாதிப் பாலத்தில் இரண்டு தும்மல் தும்மி வண்டி அடங்கிவிட்டது.

"என்ன பாய், வண்டிக்குச் சளியா? சுக்குத் தண்ணி குடுங்க!" என்றாள் ஒரு பூக்காரி.

"ஓட்டுறவன் கை சரியில்ல. ஓரமாத் தள்ளுங்க, நான் காட்டுறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வக்கீல் இறங்கினார். உலர்த்தித் துடைத்து மறுபடி கிளப்பி அவர் ஓட்டியபோது, அதே பாதிப் பாலத்தில் அதே இரண்டு தும்மல். மூன்றாவதாக ராவுத்தர். அவருடைய எடைக்கும் வண்டி மரியாதை காட்டவில்லை.

"மாப்ள, மூணு பேரு மூணு கை. ஒரே எடத்துல சாவுது" என்று கரையைப் பார்த்துக் கத்தினார் காதர் பாய். சின்னச்சாமி தலையை மட்டும் அசைத்தார்.

வக்கீல், ராவுத்தர், காதர் பாய் மூவரின் கருத்தையும் அங்கேயே, அவரவர் வாய்ச்சொல்லில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். ராவுத்தர் சொன்னதில் ஒரு வசவும் இருந்தது. கேட்டேன், நீக்க வேண்டாம் என்றார். எழுதினேன்.

முதல் கடிதம் டிசம்பரில் போனது. ஜனவரிக் கடைசியில் கம்பெனியிலிருந்து ஓர் அச்சிட்ட அட்டை வந்தது: தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. கூடவே புதிய மாடல்களின் வண்ணப் படப் புத்தகம். அட்டையில் நடு மாடலின் படம். பின்னணியில் பசும் புல்வெளி, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வேறொரு காலத்தில் நானே எழுதியிருக்கக்கூடிய பதில்தான் அது.

அதன் பிறகு வாரா வாரம் சீமைத் தபால் கட்டும் நாளுக்கு முன்பு ஒரு கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றிலும் நான்கு கருத்துகளின் நகல். ஒவ்வொன்றின் தலைப்பிலும் பதினான்காம் விதி. கடிதத்துக்குக் கடிதம் அடைமொழிகளை வெட்டினேன். பங்குனிக் கடிதத்தில் 'பணிவுடன்' கூட இல்லை. கடைசியில் அது இப்படி ஆயிற்று: "உங்கள் வண்டி தண்ணீரில் செத்துவிடுகிறது. அதைச் சொன்னவர் வேலை இழந்து நிற்கிறார். அவர் சொன்னது சரியா, தவறா? ஜூன் பதினைந்துக்குள் எழுதுங்கள். பதிலை அவர் விலாசத்துக்கே அனுப்புங்கள்." என் வாழ்நாளில் நான் எழுதிய நல்ல ஆங்கிலம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

சித்திரைத் திருவிழா வந்து போயிற்று. ஏப்ரலும் மே மாதமும் வெறுமனே கழிந்தன. மன்னிப்பு எழுத இன்னும் நேரமிருக்கிறது என்று முதலாளி காதர் பாய் மூலம் காளவாசலுக்குச் சொல்லி அனுப்பினார். "கல்லுச் செமக்கறதுல கழுத்து நல்லா நிமிந்திருச்சு, இனிமே குனியாதுன்னு சொல்லிருங்க பாய்" என்று பதில் வந்தது. சின்னச்சாமியின் மனைவியும் அவரை எழுதச் சொல்லவில்லை. அந்த அம்மாளும் சூளைக்கு வந்து மண் குழைக்க ஆரம்பித்திருந்தார்.

ஜூன் மாதம் ஒரு நாள் காலை பத்து மணிக்கு நான் கவுன்டரில் யாருக்கோ ஸ்பார்க் பிளக் எடுத்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்து நின்றவர் சின்னச்சாமி. சூளையிலிருந்து ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. கையில் நீண்ட உறை, சீமைத் தபால்தலை. உறையின் மேல் தட்டச்சில் அவர் பெயர், அதற்கு முன்னால் 'மிஸ்டர்'. அதுவரை நான் எழுதிய எந்தக் காகிதத்திலும் அவர் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைப் போட்டதில்லை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

"எனக்கும் கொஞ்சம் படிக்க வரும் சார். ஆனா கண்ணு நிக்க மாட்டேங்குது. நீங்க படிங்க. உள்ளது உள்ளபடி படிங்க."

காதர் பாய் எண்ணெய்க் கையோடு எழுந்து வந்தார். முதலாளி உள்ளறைக் கதவருகே நின்றார். நான் ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னேன்.

"உங்கள் கருத்தைப் பரிசோதித்தோம். நடு மாடலை நீர்த்தொட்டியில் ஓட்டிப் பார்த்தோம். நீங்கள் சொன்னது சரி. மேக்னெட்டோ இருக்கும் இடமே காரணம். ஓட்டியவரின் தவறு எதுவும் இல்லை. விற்ற வண்டிகளுக்கு மறைப்புத் தகடு அனுப்புகிறோம். அடுத்த மாடலில் மேக்னெட்டோ எஞ்சினுக்குப் பின்புறம் செல்லும்."

"இன்னும் இருக்கா?"

"ஒரு வரி இருக்கிறது. 'இதைக் கட்டியவன் நான். நான் ஓடையைப் பார்த்ததில்லை.' கீழே என்ஜினீயரின் கையெழுத்து."

சின்னச்சாமி கடிதத்தை வாங்கி, அந்தக் கடைசி வரியைத் தாமே ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"மாப்ள, வண்டி தயாரா நிக்குது. தகரத்த வெட்டி நானே மறைப்பு மாட்டிருக்கேன். ஏறு, ஆபீசுக்குப் போவோம்" என்றார் காதர் பாய்.

"ஆர்டரு வரல பாய். ஆர்டரு இல்லாம தொட மாட்டேன். நடந்தே போறேன்" என்றார் சின்னச்சாமி. விதிகளைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர என்னிடம் எதுவும் இருக்கவில்லை. கவுன்டரைப் பூட்டிவிட்டு நானும் உடன் நடந்தேன். முதலாளி தடுக்கவில்லை.

அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார். உறையைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து, குற்றச்சாட்டு மெமோவின் குறுக்கே 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்திட்டார். "நாளைக் காலை வண்டியை எடுத்துக்கொண்டு சரகத்துக்குப் போங்கள். அக்கரையில் அந்தப் பெண்களை மறுபடி கூட்ட வேண்டும்" என்றார். சின்னச்சாமி பாலமேட்டுக்குத் தகவல் சொல்ல இன்றைக்கே ஆள் அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

பிறகு அதிகாரி மசி அட்டையை இழுத்து, ரப்பர் முத்திரையை அதில் அழுத்தி, கடிதத்தின் மேல் மூலையில் குத்தினார்: வரப்பெற்றது, ஜூன் 11.